திண்டுக்கல்லில் பத்தியச் சோறு

திண்டுக்கல்லில் இறங்கிய மூன்றாம் நாள் எனக்குப் பேதிக்குக் கொடுத்தார்கள். மலைக்கோட்டையைப் பார்க்கவில்லை, கடைத்தெருவில் ஒரு சுற்று வரவில்லை. காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் கலந்த ஏதோ ஒன்றைக் குடித்தேன். அதற்குப் பிறகு அன்று நான் பார்த்த ஊரெல்லாம் என் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருந்த எட்டடி தூரம்தான்.

"இதுக்கா டீச்சர் அம்புட்டுத் தூரத்துல இருந்து பிளேன் ஏறி வந்தீங்க?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டார் வீட்டுக்கார அம்மா ஸ்டெல்லா.

"ஆமாம்" என்று உள்ளே இருந்தபடியே சொன்னேன். அதற்குமேல் பேசத் தெம்பில்லை.

உண்மையிலேயே இதற்குத்தான் வந்திருந்தேன். என் பெயர் சுமதி. மலேசியாவில் தெலுக் இந்தான் என்ற சின்ன ஊரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக எனக்குச் சொரியாசிஸ். முழங்கையில் காசளவு செதிலாகத் தொடங்கி, தலைக்கு ஏறி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உள்ளங்கைக்கு வந்துவிட்டது. இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்பதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பேன். இருந்தும் சென்ற ஆண்டு ஒரு பிள்ளையின் தாய் தலைமையாசிரியர் அறைக்கு வந்து, அந்த டீச்சர் என் மகளின் கையைப் பிடித்து எழுதிக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் நல்ல மனிதர். அதனால் என்னைக் கூப்பிட்டு, அடுத்த ஆண்டு நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று மென்மையாகக் கேட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்கள் ஊர்த் தோல் மருத்துவர், இனிமேல் களிம்பு போதாது, வாரம் ஒரு மாத்திரை தொடங்கலாம், கல்லீரலைக் கவனிக்க அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். தேவைப்படும்வரை என்றார். சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாமா என்றேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். சித்த மருத்துவம் என்று வாயெடுத்தேன். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இணையத்தில் படித்ததை எல்லாம் இங்கே கொண்டு வராதீர்கள்" என்றார். நான் இணையத்தில் படிக்கவில்லை. உடன் வேலை பார்க்கும் ஆசிரியையின் நாத்தனாருக்குத் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு சித்த மருத்துவரிடம் குணமாகியிருந்தது. அந்த அம்மாளின் கையை நான் என் கையால் தடவிப் பார்த்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் அடுத்தவரின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். பள்ளியின் நீண்ட விடுமுறை, கைவசம் ஒரு மாதம். விமான நிலையத்தில் என் கணவர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "போய்ட்டு வா. ஆனா கிறுக்குத்தனமா ஒண்ணும் பண்ணிடாத" என்றார். அந்தக் கிறுக்குத்தனத்தை நான் வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் காரில் ஏறியிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

மருத்துவரின் பெயர் கோகிலா. திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையோர ஊர் ஒன்றில் இரண்டு அறை, முன்னால் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான் மருத்துவமனை. கொட்டகைக்கு வெளியே வெயிலில் கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக நின்றன. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறுகிறது. அதைத்தான் காலையும் மாலையும் பூச வேண்டும். கத்தரிக்காய் சாப்பிடக் கூடாது, கத்தரிப்பூ நிறத்தில் நடமாடலாம் என்பது என் தலையெழுத்து.

மருத்துவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம். நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், மலச்சிக்கல் பற்றிக் கேட்டார், பள்ளியில் யாரோடாவது சண்டையா என்றுகூடக் கேட்டார். முக்கால் மணி நேரம். பதினோரு ஆண்டுகளில் எல்லா மருத்துவர்களும் சேர்ந்து எனக்குக் கொடுத்த நேரம் அவ்வளவு இருக்குமா என்பது சந்தேகம்.

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். "இப்ப வேற மருந்து ஏதாச்சும் எடுக்கறீங்களான்னு தெளிவா எழுதிப்போடுங்க டீச்சர். களிம்பு, மாத்திரை, ஊசி, எதுவா இருந்தாலும் எழுதுங்க."

'களிம்பு மட்டும்' என்று எழுதினேன்.

அது பொய். எங்கள் ஊர் மருத்துவர் ஒரு முறை பத்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார். ஒரே வாரத்தில் கை வழவழவென்று ஆகிவிட்டது. போதும் என்று அவர் நிறுத்திய பிறகு, வேறொரு கிளினிக்கில் கேட்டு வாங்கத் தொடங்கினேன். முதலில் பள்ளி விழாவுக்கு மட்டும், பிறகு விழா இல்லாதபோதும். இரண்டு ஆண்டுகள். கிளம்பிய அன்று காலையில்தான் மிச்சமிருந்த மாத்திரையை எல்லாம் குப்பையில் கொட்டியிருந்தேன். இனி அந்த வைத்தியத்தின் நிழல்கூட வேண்டாம் என்ற வீறாப்பு. அதைக் கோகிலாவிடம் சொன்னால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது.

நான்காம் நாள் முதல் பத்தியம். புளி இல்லை, காரம் இல்லை, உப்பு பாதி. கருவாடு, இறால், கோழி, முட்டை, ஊறுகாய் எதுவும் கிடையாது. பாசிப்பருப்பு, சுரைக்காய், பீர்க்கங்காய், மோர். பகலில் தூங்கக் கூடாது. காலை வெயிலில் எண்ணெயோடு அரை மணி நேரம் நிற்க வேண்டும். பறங்கிப்பட்டைச் சூரணம் இரு வேளை பாலில்.

இந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுவதற்கு உலகத்திலேயே பொருத்தமில்லாத ஊர் திண்டுக்கல். பதினோரு மணிக்கே தெருவில் பிரியாணி வாசனை வரத் தொடங்கிவிடும். சீரகச் சம்பா அரிசியின் வாசனை வேறு. எங்கள் ஊர் நாசி லெமாக் சோற்றின் தேங்காய்ப்பால் மணம் கொஞ்சம் தயங்கித்தான் மூக்குக்கு வரும். இது தயங்குவதில்லை, பேருந்துக்குள்ளேயே ஏறிவிடுகிறது. ஒரு நாள் நடத்துநர் டிக்கெட் கொடுக்கும்போது என்னைப் பார்த்து, "ஏன்மா மூக்கைப் பொத்தியிருக்கீங்க, பக்கத்துல சாக்கடை ஒண்ணும் இல்லையே?" என்றார். சாக்கடையாக இருந்தால் பொத்தியிருக்க மாட்டேன்.

சமைத்துப் போட்டவர் ஸ்டெல்லா. மருத்துவர் கோகிலாவின் ஊரில் தங்க இடமில்லாததால் அவர்தான் இந்த வீட்டு மாடியறையைச் சொல்லியிருந்தார். ஸ்டெல்லாவுக்கு அறுபது வயதாகிறது. ஊருக்குள் ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சித்த வைத்தியத்தின் மேல் துளி நம்பிக்கை இல்லை. ஆனாலும் என் பருப்பை மணக்க மணக்க வேகவைத்துத் தருவார்.

"வெஞ்சனம் இன்னிக்கும் சுரைக்காதான் டீச்சர். எனக்கே பாவமா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாதீங்க. இங்க பாருங்க, எண்ணெயில இலை ஊறுது, வெயில்ல கலர் மாறுது, எல்லாஞ் சரி. உள்ள ரத்தத்துல என்ன நடக்குதுன்னு யாரு பாத்தா? ஒரு டெஸ்ட் எடுத்துப்போம், செத்த நேரந்தான் ஆகும்."

"வேணாங்க. டெஸ்டுக்குப் பயந்துதான் இங்க வந்தேன்."

"டெஸ்டுக்கு எதுக்குப் பயம்? அது இருக்கறதைத்தான சொல்லும்" என்றார். நான் சுரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் கோகிலாவைப் பார்க்கப் போகும்போது தப்பான பேருந்தில் ஏறிவிட்டேன். பேதிக்குக் குடித்த களைப்பு முழுதாகத் தெளியவில்லை. உட்கார்ந்ததும் கண் அயர்ந்து, விழித்தபோது மலை எதிரே வந்து நின்றது. ஒட்டன்சத்திரம் சாலையில் இவ்வளவு அருகில் மலை இல்லையே என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டேன். "வத்தலக்குண்டு வந்துருச்சு, இறங்குங்க" என்றார். கொடைக்கானல் போகிறவர்களும் பூ மூட்டைகளும் மோதிக்கொள்ளும் அந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கி, திண்டுக்கல்லுக்குத் திரும்பி, மறுபடி ஒட்டன்சத்திரம் பேருந்தைப் பிடித்து, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. மறுநாளும் போனேன். அன்று பேருந்து சாலையோரத்தில் பழுதாகி நின்றது. எனக்குத் தெலுக் இந்தானில் கார் இருக்கிறது. பேருந்தில் போனது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

பேருந்து நின்ற இடத்தில் ஒரு தேநீர்க் கடை. காய்கறி ஏற்றப் போகும் கேரள லாரி ஒன்றும் அங்கே நின்றிருந்தது. என் கையின் ஊதா நிறத்தைப் பார்த்து ஓட்டுநர் இருவரில் மூத்தவர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் மற்றவரிடம் மலையாளத்தில் ஏதோ சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேநீர்க் கடைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: "எண்ணெய் வைத்தியத்துக்கு உலகமே எங்க ஊருக்கு வருது. இந்தம்மா கடல் தாண்டி இங்க வந்திருக்கு. நாங்க இங்க முருங்கைக்காய்க்குத்தான் வருவோம்." நானும் சிரித்தேன். இங்கே எல்லோரும் நேராகக் கேட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊரில் கையைப் பார்ப்பார்கள், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பிறகு தலைமையாசிரியரிடம் போவார்கள். இங்கே பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பெண், "என்னத்தா கையில, சொறியா?" என்று கேட்டு, தன் கொழுந்தனுக்கும் இருப்பதைச் சொல்லி, அவர் பயன்படுத்தும் சோப்பின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். எனக்கு இது பிடித்திருந்தது.

எட்டாம் நாள் மார்பிலும் முதுகிலும் சிவப்புத் திட்டுகள் தோன்றின. உடம்புக்குள் இருக்கும் கெட்டது வெளியே வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோகிலா அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொல்லிக்கொண்டது.

ஒன்பதாம் நாள் காலை எழுந்தபோது உடம்பு முழுவதும் சிவந்து, காய்ந்து, தீப்பட்டதுபோல் எரிந்தது. பல் கிட்டும் குளிர். எழுந்தால் தலை சுற்றியது. ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆட்டோ கூப்பிடுறேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வேணாம். நான் கோகிலாகிட்டப் போறேன்."

"டீச்சர், இது விளையாட்டு இல்ல."

"அங்கதான் போவேன்."

போனேன். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு, சேலைத் தலைப்பால் உடம்பைப் போர்த்திக்கொண்டு, ஒரு மணி நேரம் பேருந்தில். அந்தப் பிடிவாதத்தை இன்று நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. அன்று அதைத் துணிச்சல் என்று நினைத்தேன்.

கோகிலா என்னைக் கண்டதும் முன்னால் இருந்த நோயாளியை எழுந்திருக்கச் சொன்னார். என் கையை, முதுகை, கணுக்காலை அழுத்திப் பார்த்தார். இரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், மாத்திரை எடுத்துட்டு இருந்தீங்களா?"

சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டேன்.

"சொல்லுங்க. ஸ்டீராய்டுங்களா?"

"ரெண்டு வருஷம்" என்றேன். "கிளம்புன அன்னிக்கு நிறுத்திட்டேன்."

அவர் முகம் எப்படி மாறியது என்பதை என்னால் எழுத முடியவில்லை. கோபம் என்று சொன்னால் போதாது. நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார். "அது ஒரே நாள்ல நிறுத்தற மாத்திரை இல்லீங்க. உடம்பு தானா சுரக்கற ஸ்டீராய்டையே அது நிறுத்தி வெச்சிருக்கும். எங்கிட்டச் சொல்லியிருந்தா, குடுத்த டாக்டரையே பாத்து மெல்ல மெல்லக் கொறச்சு, அப்பறமாத்தான் நான் தொட்டிருப்பேன். இப்ப உங்களுக்கு என்ர மருந்து ஒரு துளிகூடக் குடுக்க மாட்டனுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரிங்க."

"நான் அதுல இருந்து தப்பிக்கத்தான் வந்தேன்."

"உசுரு இருந்தாத்தானுங்க தப்பிக்க முடியும்."

வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களிடம் கைகூப்பி, சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு, மருத்துவமனையைப் பூட்டி, ஸ்டெல்லாவுக்குத் தொலைபேசியில் விவரம் சொல்லி, தன் காரிலேயே என்னைத் திண்டுக்கல்லுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு முறை, ஜன்னலை ஏற்றிவிட்டு, "குளிருதுங்களா?" என்றார்.

ஸ்டெல்லா வேலை பார்த்த மருத்துவமனைதான். அவர் வாசலில் நின்றிருந்தார், ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அரை மணி நேரத்தில் கட்டிலில் படுக்க வைத்து, இரத்தம் எடுத்து, குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். தோல் மருத்துவர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு எண்ணெயின் ஊதாக் கறையைப் பார்த்தார்.

"இலை தழை எல்லாத்தையும் தேய்ச்சிட்டுக் கடைசியில இங்கதான் வந்து விழுறாங்க. யாரு குடுத்தது?"

"நான்தானுங்க சார்" என்றார் கோகிலா.

"என்னென்ன குடுத்தீங்க?"

"முதல்ல பேதிக்குங்க. அப்பறம் மேல பூச வெட்பாலைத் தைலம், உள்ளுக்குப் பறங்கிப்பட்டைச் சூரணமுங்க. இன்னிக்குக் காலையோட எல்லாத்தையும் நிறுத்தியாச்சுங்க."

"பேதி வேற! படிச்சவங்கதானே நீங்க? இப்படி ஒரு பேஷண்டை இந்த நிலைமைக்குக் கொண்டுவரலாமா?"

கோகிலாவின் தோளில் தொங்கிய பையில், கிளம்பும்போது அவர் எடுத்து வைத்த என் படிவம் இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட பொய் அதில் இருந்தது. அதை எடுத்து நீட்டியிருந்தால் அவர் தப்பித்திருக்கலாம். அவர் எடுக்கவில்லை. செவிலியர்கள், வார்டு நோயாளிகள் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்றார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் படுத்திருக்க முடியவில்லை.

"டாக்டர், இவங்க மேல தப்பில்ல" என்றேன். "நான் ரெண்டு வருஷம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன். எங்க ஊரு டாக்டர் நிறுத்தின பிறகும், வேறொரு கிளினிக்ல நானா கேட்டு வாங்கி. ஒரே நாள்ல நிறுத்தினேன். இவங்க எழுதச் சொல்லிக் கேட்டாங்க. பொய் எழுதினேன். எங்க ஊரு டாக்டருக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது."

பெரியவர் கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோகிலாவைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்கம்மா" என்றார்.

நான்கு நாள் அங்கே இருந்தேன். எந்த மாத்திரையைக் குப்பையில் கொட்டினேனோ அதையே மறுபடி கொடுத்தார்கள். முதல் நாள் அதை விழுங்கும்போது தோற்றுவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் இந்த முறை கேட்டேன். எவ்வளவு, எத்தனை நாள், எந்தத் தேதியில் எவ்வளவு குறையும், எப்போது முடியும்? எழுதித் தாருங்கள் என்றேன். பெரியவர் முதலில் முறைத்தார், பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டு வாரம் வாரமாக எழுதினார். கடைசிக் கட்டத்தில் ஒரு பூச்சியம் இருந்தது. அந்தத் தாளை ஒரு நாளில் இருபது தடவை பார்த்திருப்பேன்.

ஸ்டெல்லா காலையும் மாலையும் கஞ்சி கொண்டுவந்தார். பரிசோதனை முடிவுகளை மருத்துவருக்கு முன்பே வாங்கிப் படித்துவிடுவார். மூன்றாம் நாள் தாளை முகத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஈரல் சுத்தமா இருக்கு. உங்க டாக்டரம்மா பொடி ஒண்ணையும் கெடுக்கல. நீங்களாத்தான் கெடுத்துக்கப் பாத்தீங்க."

வீடு திரும்பும் நாளில் பத்துக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பெரியவர் வந்ததும் நீட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்து ஏழுக்குப் பதில் சொன்னார். வாரம் ஒரு மாத்திரை என்றால் என்ன, அது யாருக்கு அவசியம், யார் கொஞ்சம் காத்திருக்கலாம், காத்திருந்தால் என்ன கெடும் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். உங்களுக்குக் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மூட்டு வலி வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது என்றார். மீதி மூன்று கேள்விகளுக்கு வந்தபோது பேனாவை மூடினார்.

"சாப்பாடு மாத்தினா கேக்குமான்னு கேட்டிருக்கீங்க. சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கல. ஏன்னு எனக்குத் தெரியாது. அந்த எண்ணெய் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாது, பூசுறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. எல்லாத்தையும் நிறுத்தினா திரும்ப வருமான்னு கேட்டிருக்கீங்க." நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அதுவும் தெரியாதும்மா."

பதினோரு ஆண்டுகளில் ஒரு மருத்துவர் என்னிடம் தெரியாது என்று சொன்னது அன்றுதான். அதற்கு முன் அவர் சொன்ன ஏழு பதில்களையும் நான் நம்பியது அந்த ஒரு சொல்லால்தான்.

அன்று மாலை கோகிலாவின் மருத்துவமனைக்குப் போய் அதே நோட்டை அவரிடமும் நீட்டினேன். புதிய படிவம் ஒன்றையும் கேட்டு வாங்கி, முழுதாக நிரப்பினேன். அவர் அதை வரிவரியாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "தைலம் சிவப்பு அடங்கினதும் ஆரம்பிக்கலாங்க. சூரணம் இப்ப வேண்டாம். சார்கிட்டப் பேசிட்டு, இன்னொரு ரத்த டெஸ்ட் பாத்துட்டுச் சொல்றனுங்க." அவரும் என் கேள்விகளில் நான்குக்குத் தெரியலீங்க என்றார். எந்த நான்கு என்பதை அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெயிலிலிருந்த போத்தல்களை நிழலுக்கு எடுத்து வைத்துக்கொண்டே, "எங்கிட்ட வர்றவங்க பாதிப் பேரு அப்படித்தானுங்க எழுதறாங்க" என்றார். "அந்தப் பக்கத்துக்குப் பயந்து இங்க வர்றாங்க, இங்க வந்ததும் எனக்கும் பயந்துக்கறாங்க. நான் என்னத்தைப் பாத்து வைத்தியம் பண்றதுங்க?"

மிச்சமிருந்த பதினாறு நாளும் அப்படியே போயின. காலையில் ஸ்டெல்லாவின் மொட்டைமாடியில் எண்ணெயோடு வெயில். வாரத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை. கட்டத்தில் எழுதியபடி மாத்திரை குறைந்தது. இரண்டாம் பரிசோதனைக்குப் பிறகு சூரணம் மறுபடி தொடங்கியது. இரு மருத்துவர்களும் எனக்காகத் தொலைபேசியில் மூன்று முறை பேசினார்கள், அதில் ஒரு முறை சண்டை. பெரியவர் சூரணத்தில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டார், கோகிலா எழுதி அனுப்பினார். பத்தியம் பழகிப்போனது. ஒரு நாள் பீர்க்கங்காயை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஸ்டெல்லா மாதாவுக்கு நன்றி சொன்னார்.

ஊருக்குக் கிளம்பும்போது உள்ளங்கைகளில் வெடிப்பு இல்லை. தோல் இளஞ்சிவப்பாக, புதிதாக இருந்தது. தலையில் செதில் அப்படியேதான் இருந்தது, முழங்கையில் பாதி. எண்ணெயா, மாத்திரையா, வெயிலா, ஒரு மாதம் பள்ளிக் கவலை இல்லாமல் இருந்ததா, எது கேட்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத எனக்கு விருப்பமும் இல்லை.

பேருந்து நிலையத்துக்கு ஸ்டெல்லா வந்திருந்தார். பரிசோதனைத் தாள்களை ஒரு நெகிழி உறையில் போட்டு என் கைப்பைக்குள் திணித்து, "இதைத் தொலைச்சிடாதீங்க. மூட்டை முடிச்சு போனாலும் பரவாயில்ல, இது போகக் கூடாது" என்றார். பேருந்து கிளம்பியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இன்னமும் சித்த வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை.

வீட்டுக்கு வந்த அன்றே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு நாள் பேசவில்லை. பள்ளி திறப்பதற்கு முன்பே தலைமையாசிரியரைப் பார்த்து, நூலகம் வேண்டாம், என் வகுப்பிலேயே இருக்கிறேன், ஆட்சேபணை உள்ள பெற்றோரை என்னிடமே அனுப்புங்கள், நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார். கட்டத்தின் கடைசிப் பூச்சியத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதற்காக எங்கள் ஊர்த் தோல் மருத்துவரிடம் போனேன்.

என் எண்ணைக் கூப்பிட்டதும் உள்ளே போய், உறையை மேசைமேல் வைத்தேன். "டாக்டர், இரண்டு வருடமாக உங்களிடம் ஒன்றை மறைத்தேன்" என்று தொடங்கினேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கட்டம் போட்ட தாளில் வெகு நேரம் நின்றார்.

"இது சரியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது" என்றார். "இப்படியே முடிப்போம். பிறகு வாரம் ஒரு மாத்திரையைத் தொடங்கிவிடலாம்."

"இப்போது வேண்டாம், டாக்டர். எனக்கு மூன்று மாதம் வேண்டும். எண்ணெய், சூரணம், சாப்பாடு. மாதம் ஒரு முறை இரத்தம் சோதிப்போம். மூட்டு வலித்தாலோ, கை மறுபடி வெடித்தாலோ நானே வந்து உங்கள் மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்."

"எனக்கு இதில் உடன்பாடில்லை."

"தெரியும். அதையும் எழுதி வையுங்கள். ஆனால் எதையும் உங்களுக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன்."

வெளியே அடுத்த எண் ஒளிர்ந்தது. அவர் மணியை அழுத்தவில்லை. என் நோயாளி அட்டையை எடுத்தார், மாதம் ஒன்றாக மூன்று தேதிகளைக் குறித்தார். ஸ்டீராய்டு மாத்திரை குறையும் அளவை எழுதினார். அதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பொடியின் பெயரென்ன?"

"பறங்கிப்பட்டை."

"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."

மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். நடுவில் ஒரு முறை நிறுத்தி, மறுபடி சொல்லுங்கள் என்றார். மறுபடி சொன்னேன். முழுவதையும் எழுதி முடித்த பிறகுதான் மணியை அழுத்தினார்.